சாட்டையில் பிறந்த வினைச்சொல்

ஆங்கிலத்தில் 'ரிவெர்பரேட்' என்றொரு வினைச்சொல் உண்டு. மூடிய இடத்தில் எழுந்த ஓசை உடனே அடங்கிவிடாமல், சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டுப்பட்டு நீடிப்பதை அது குறிக்கிறது. மொழி பற்றிய பேச்சு ஒன்றில் நண்பர் ஒருவர் அதற்கு ஒரு சொற்பிறப்பு விளக்கம் கொடுத்தார். நடுவில் இருக்கும் 'வெர்ப்' என்பது இலத்தீனின் 'வெர்பும்', அதாவது சொல். முன்னால் நிற்கும் 'ரி' என்பது மறுபடியும் என்ற பொருளைத் தருவது. ஆகவே இந்த வினையின் உட்பொருள் 'மறுபடியும் சொல்லுதல்' என்றார். விளக்கம் அழகாக இருந்தது, கேட்டவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அது நெருடலாகவே இருந்தது, இரண்டு காரணங்களால். முதலாவது, இந்த வினையோடு ஆங்கிலத்தில் வழக்கமாகச் சேர்ந்து வருபவை இடி, பீரங்கி வெடி, முரசு, அறைந்து சாத்தப்படும் கதவு ஆகியவை. அவற்றுள் எதுவும் சொல் அல்ல. ஒரு முறையேனும் சொல்லாததை மறுபடியும் சொல்வது எப்படி? இரண்டாவது காரணம் எழுத்துக்கூட்டல் சார்ந்தது. 'வெர்பும்' என்ற வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த 'வெர்பல்', 'வெர்போஸ்', 'ப்ரோவெர்ப்', 'அட்வெர்ப்' ஆகிய எந்தச் சொல்லிலும் 'வெர்ப்' என்பதை அடுத்து 'எர்' என்ற அசை கிடையாது. இந்த ஒரு சொல்லில் மட்டும் அது எங்கிருந்து முளைத்தது? காரணமில்லாமல் ஓர் அசை ஒரு சொல்லுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வதில்லை.

அந்த அசைதான் உண்மையான வேருக்கு வழிகாட்டுகிறது. இலத்தீனில் 'வெர்பும்' என்பதற்கு மிக அருகில் ஒலிக்கிற, ஆனால் அதற்கு உறவில்லாத, 'வெர்பெர்' என்றொரு பெயர்ச்சொல் இருக்கிறது. அதற்குப் பிரம்பு, கசை, சாட்டை என்று பொருள். அதிலிருந்து பிறந்த வினை 'வெர்பெராரே', அதாவது சாட்டையால் அடித்தல். அதன் முன்னால் 'ரெ' சேர்ந்தால் 'ரெவெர்பெராரே', அடித்துத் திருப்புதல். இங்கே அந்த முன்னொட்டுக்கு மறுபடியும் என்ற பொருள் பொருந்தாது. திரும்ப, பின்னோக்கி என்பதே பொருந்தும். 'ரிஃப்ளெக்ட்', 'ரிபெல்', 'ரிஜெக்ட்' போன்ற சொற்களிலும் இதே 'பின்னோக்கி'தான் இருக்கிறது. ஆங்கிலம் இலத்தீனிடமிருந்து வாங்கிக்கொண்ட சொற்களில் இந்தச் சிறிய முன்னொட்டு பலரை ஏமாற்றுகிறது. எல்லா இடத்திலும் அது ஒரு செயல் இரண்டாவது முறை நடப்பதைக் காட்டும் என்று எண்ணிக்கொள்கிறோம். பாதி இடங்களில் அது காட்டுவது திசையை.

சாட்டை என்ற பொருள் இலத்தீனில் வெறும் உவமையாக இருந்ததில்லை. உரோமானியச் சட்டத்தில் கசையடி ஒரு தண்டனை. அடிமைகள் அதற்கு அன்றாடம் ஆளானவர்கள். பண்டைய உரோமானிய நகைச்சுவை நாடகங்களில் எசமானர்கள் அடிமைகளைத் திட்டும்போது பயன்படுத்தும் 'வெர்பெரோ' என்ற வசைச்சொல்லுக்கு 'சாட்டையடிக்கே பிறந்தவன்' என்பது பொருள். ஆனால் சொல்லின் வரலாற்றில் இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் கொடுமை விலகி ஒரு செடி தென்படுகிறது. 'வெர்பெர்' என்பதோடு பிறந்த சொல் 'வெர்பேனா'. உரோமானியச் சமயச் சடங்குகளில் ஏந்திச் செல்லப்பட்ட புனிதக் கிளைகளுக்கு அந்தப் பெயர். தோட்டங்களில் இன்று வளர்க்கப்படும் வெர்பேனாப் பூச்செடியின் பெயரும் அதுவே. இரண்டுக்கும் பொதுவான மூலமாக அறிஞர்கள் காட்டுவது வளைதல், திரும்புதல் என்ற பொருளுடைய மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றை. வளைகிற மெல்லிய கொம்பு ஒரு கையில் பூசைப் பொருளாகவும் இன்னொரு கையில் தண்டனைக் கருவியாகவும் ஆகியிருக்கிறது. 'வெர்பும்' வந்த வேர் முற்றிலும் வேறானது. ஆங்கிலத்தின் 'வேர்ட்' அதற்குத் தொலைதூர உறவு.

கூரை செய்யும் வேலை

வேர் கிடைத்த பிறகும் மனம் அடங்கவில்லை. சாட்டையடியிலிருந்து ஓசைக்கு இந்தச் சொல் எப்படித் தாவியது என்ற கேள்வி மிச்சமிருந்தது. பந்து சுவரில் பட்டுத் திரும்புவதைப் போல ஓசையும் திரும்புகிறது என்று எளிதாகச் சொல்லி முடித்துவிடலாம். நானும் சில காலம் அதோடு நிறுத்திக்கொண்டிருந்தேன். இந்தச் சொல்லை நான் பார்க்கும் விதத்தை மாற்றியது ஓர் ஒலியியல் நூல் அல்ல, உலோகவியல் நூலில் இருந்த உலையின் குறுக்குவெட்டுப் படம். பள்ளி வேதியியலில் தாமிரத்தைப் பிரித்தெடுக்கும் பாடத்தில் 'எதிர் அனல் உலை' என்று ஒன்று வரும். அதன் ஆங்கிலப் பெயர் 'ரிவெர்பரேட்டரி ஃபர்னஸ்'. இயற்பியல் பாடத்தில் ஒலியைப் பற்றிய இயலில் 'எதிர்முழக்கம்' என்று வருவதற்கு ஆங்கிலம் 'ரிவெர்பரேஷன்'. ஒரே சொல் இரண்டு பாடங்களில் இரண்டு அத்தியாயங்களில் தனித்தனியே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

அந்தப் படத்தில் உலையின் ஒரு பக்கம் எரிபொருள் எரியும் அறை. அதற்கும் உலோகம் கிடக்கும் தளத்துக்கும் இடையே ஒரு தாழ்ந்த தடுப்புச்சுவர். மறுமுனையில் புகைபோக்கி. தீயின் நாக்குகள் தடுப்பைத் தாண்டி, தளத்துக்கு மேலாகப் புகைபோக்கியை நோக்கி இழுபட்டுச் செல்கின்றன. தளத்தின் மேலே செங்கல்லால் வளைத்துக் கட்டிய தாழ்வான கூரை. மேலே எழும் வெப்பத்தை அந்தக் கூரை வாங்கிக் கீழே தாதுவின் மேல் திருப்பி வீசுகிறது. எரிபொருளும் தாதுவும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்பதே இந்த உலையின் பயன். நிலக்கரியிலுள்ள கந்தகம் இரும்போடு கலந்தால் இரும்பு நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். ஹென்றி கார்ட் 1784இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற தேனிரும்பு செய்யும் முறை இந்த உலையை வைத்தே நடந்தது. கரியைத் தனியே எரித்து, அதன் அனலை மட்டும் வார்ப்பிரும்பின் மேல் பாய்ச்சி, உருகிய இரும்பை நீண்ட கம்பியால் கிளறிக்கொண்டே இருந்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இரசவாதிகளும் உலோகம் உருக்குவோரும் ஒரு பொருளை இப்படிப்பட்ட உலையில் வாட்டுவதற்கு 'ரிவெர்பரேட்' என்ற வினையை ஆண்டுவந்தார்கள்.

படத்திலிருந்த அம்புக்குறிகள் கூரையைத் தொட்டு வளைந்து கீழிறங்குவதைப் பார்த்தபோதுதான் இந்த வினையில் எழுவாய் யார் என்பது விளங்கியது. தீ தன்னைத் தானே திருப்பிக்கொள்வதில்லை. கூரை அதை அடித்துத் திருப்புகிறது. ஓசைக்கும் அப்படியே. இன்றைய ஆங்கிலத்தில் ஓசையை எழுவாயாக வைத்து 'ஓசை ரிவெர்பரேட் ஆனது' என்று எழுதுகிறார்கள். இலக்கணம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் சொல்லின் உள்ளே வேலை செய்பவர் சுவர். ஓசை அங்கே அடிபடுகிற பொருள். இந்த ஒரு தெளிவு வந்த பிறகு, இதற்கு உறவான மற்ற ஆங்கிலச் சொற்களிலிருந்து இது எங்கே பிரிகிறது என்பதும் தானாகவே துலங்கத் தொடங்கியது.

சாசர் எழுதிய மூன்று அடிகள்

வினைச்சொல் ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிவாகிறது; முதலில் அடித்துத் துரத்துதல் என்ற பொதுப் பொருளில், பிறகு வெகு விரைவிலேயே ஓசைக்கும். பெயர்ச்சொல் அதைவிட ஏறத்தாழ இருநூறு ஆண்டு மூத்தது. பழைய பிரெஞ்சு வழியாக அது வந்து சேர்ந்தபோது ஒளியும் வெப்பமும் பட்டுத் திரும்புவதைக் குறித்தது. ஓசைக்கு அதைப் பயன்படுத்திய பழைய இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெஃப்ரி சாசரின் காண்டர்பரி கதைகளில், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில், வருவது. ஒரு நோயாளி, தன்னிடம் ஓயாமல் நன்கொடை கேட்கும் துறவியிடம், தான் தரப்போவதை மடத்துத் துறவிகள் அனைவருக்கும் சமமாகப் பங்கிட வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, தன் அபான வாயுவைக் கொடையாகத் தந்துவிடுகிறான். இந்தக் கணக்கைக் கேட்ட ஊர்ப் பிரபு திகைத்துப்போய்ச் சொல்கிறார்: அந்த உறுமலும் சரி, வேறெந்த ஓசையும் சரி, காற்றின் 'ரெவெர்பெராசியூன்' அன்றி வேறில்லை, அது சிறுகச் சிறுகத் தேய்ந்து போகிறது.

கதை கேலிக்கானது. ஆனால் அந்த வரிகளில் இருக்கும் அறிவு கேலிக்குரியதல்ல. ஓசை என்பது காற்று அடிபடுவது என்ற பழைய தத்துவக் கருத்தை ஒரு சொல்லில் அடக்கி, அடுத்த அடியிலேயே அது 'சிறுகச் சிறுக' அழிவதையும் சாசர் சேர்த்துவிடுகிறார். எதிர்முழக்கத்தின் உயிரான குணம் இந்தத் தேய்வுதான். ஒவ்வொரு முறை சுவரில் படும்போதும் ஓசையின் ஆற்றலில் ஒரு பங்கைச் சுவர் விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. முழுவதையும் திருப்பி அனுப்பும் சுவர் உலகத்தில் இல்லை. இருந்தால் ஓர் அறையில் ஒரு முறை தும்மியவரின் தும்மல் என்றைக்கும் ஓயாது.

ஷேக்ஸ்பியரிடம் இச்சொல் இரண்டு இடங்களில் என் கவனத்தைக் கவர்கிறது. 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் வயோலா, ஒலிவியாவின் பெயரை 'ரிவெர்பரேட்' மலைகளை நோக்கிக் கூவுவேன் என்கிறாள். அங்கே அது பெயரடை. திருப்பி அடிக்கும் மலைகள். செயலைச் செய்பவை மலைகளே என்பதை அந்த இடம் ஐயமறக் காட்டுகிறது. மற்றது 'கிங் லியர்' நாடகத்தின் முதல் காட்சி. இளைய மகள் கார்டீலியா தந்தையைப் புகழ்ந்து பேச மறுத்ததற்காக லியர் அவளைக் கைவிடும்போது அவருடைய பிரபுக்களில் ஒருவரான கென்ட் குறுக்கிட்டு, தாழ்ந்த குரலில் பேசி வெறுமையை 'ரிவெர்ப்' செய்யாதவர்கள் நெஞ்சில் ஒன்றுமில்லாதவர்கள் அல்லர் என்கிறார். இதை அறம் சார்ந்த வாக்கியமாக மட்டுமே படிப்பது வழக்கம். எனக்கு இது ஒலியியலாகவும் படுகிறது. வெற்றுப் பாத்திரமும் வெற்றறையும்தான் முழங்கும்; நிறைந்தவை ஓசையை உள்ளே வாங்கிக்கொண்டு அமைதியாக இருக்கும். இந்தக் கூற்றை அளந்து காட்டுவதற்கு மேலும் மூன்று நூற்றாண்டு ஆயிற்று.

இரவில் சுமந்த மெத்தைகள்

1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. அதைச் சரிசெய்யும்படி வாலஸ் கிளமெண்ட் சபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் சாதாரணக் குரலில் சொன்ன ஒரு சொல் அதன்பின் ஐந்தரை வினாடி கேட்டுக்கொண்டே இருந்தது. மிக நிதானமாகப் பேசுகிறவர்கூட அதற்குள் அடுத்த பன்னிரண்டு, பதினைந்து அசைகளைச் சொல்லி முடித்திருப்பார் என்று சபின் எழுதுகிறார். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. அப்படியானால் அந்த ஒற்றைச் சொல் கூடத்தின் சுவர்களுக்கிடையே அடிபட்டபடி ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் அலைந்திருக்கிறது.

சபினிடம் மின்னணுக் கருவிகள் கிடையாது. ஒரு ஆர்கன் குழல், நேரம் பதியும் கருவி, தன் செவி, இவ்வளவே. பகலின் சத்தம் அடங்கிய பிறகு, இரவில் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து கூடத்தில் அடுக்கி, குழலை ஊதி நிறுத்தி, ஓசை செவிக்கு எட்டாமல் மறையும் கணம் வரை எண்ணி, பொழுது விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார். மெத்தை கூடக்கூட முழக்கம் குறைந்தது. தன் உடைகூட ஓசையை விழுங்குகிறது என்பது தெரிந்ததும் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரே உடையை அணிந்துகொண்டார். அந்தப் பிடிவாதத்திலிருந்து பிறந்த சமன்பாடு மிகச் சிறியது: எதிர்முழக்க நேரம் அறையின் கன அளவுக்கு நேர் விகிதத்திலும், பரப்புகள் விழுங்கும் மொத்த அளவுக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். மீட்டர் அளவில் அதன் மாறிலி 0.161. விழுங்குதிறனுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த சன்னல். அதன் மேல் படும் ஓசை எதுவும் திரும்பி வராது. இதை வைத்து வடிவமைக்கப்பட்ட பாஸ்டன் சிம்ஃபனி ஹால் 1900 அக்டோபரில் திறக்கப்பட்டது. இன்றும் உலகின் சிறந்த இசையரங்குகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். சாசரின் 'சிறுகச் சிறுக' இப்போது ஓர் எண்ணாகிவிட்டது. ஓசையின் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபெல், குறைவதற்கு ஆகும் நேரத்தையே எதிர்முழக்க நேரம் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

சுவர் கடினமாகவும் அறை பெரிதாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னோர் எல்லையும் உண்டு. இரண்டாம் உலகப் போரை முன்னிட்டு ஸ்காட்லாந்தின் இஞ்சின்டவுனில் மலைக்குள் குடைந்து கட்டிய எண்ணெய்க் கிடங்கில் ஒலியியல் பேராசிரியர் ட்ரெவர் காக்ஸ் வெற்றுத் தோட்டாவை வெடித்து அளந்தபோது, 125 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அந்த முழக்கம் 112 வினாடி நீடித்தது. அங்கே ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. ஒவ்வொரு சொல்லையும் முந்தைய சொற்களின் குவியல் மூடிவிடும்.

உடன்பாடு கேட்காத வினை

இந்த இடத்தில் இருந்து பார்த்தால், ஆங்கிலத்தில் இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு சொற்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பது தெரியும். 'எக்கோ' கிரேக்கத்திலிருந்து வந்தது. தன் சொல்லை இழந்து, பிறர் பேச்சின் கடைசிச் சொற்களை மட்டும் திருப்பிச் சொல்லும்படி சபிக்கப்பட்ட அணங்கின் பெயரும் அது. எக்கோவில் திரும்பி வருவது தனியாகக் காதில் விழ வேண்டும். அதற்கு இடைவெளி வேண்டும். 17 மீட்டர் தொலைவிலுள்ள சுவரிலிருந்து ஓசை திரும்ப ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடி ஆகிறது, அதைத் தனியே கேட்க முடியும். சிறிய அறையில் பிரதிபலிப்புகள் வினாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் நெருங்கி வந்து மூல ஓசையோடு ஒன்றாகிவிடுகின்றன, செவி அவற்றைப் பிரிப்பதில்லை. நண்பர் சொன்ன 'மறுபடியும் சொல்லுதல்' உண்மையில் எக்கோவுக்கு உரிய இலக்கணம். அதை வேறு சொல்லுக்குக் கொடுத்துவிட்டார்.

'ரெசனேட்' இன்னும் தூரத்தில் இருக்கிறது. அதன் வேரில் இருப்பது ஒலித்தல்தான், அடி இல்லை. ஒத்ததிர்வில் ஒரு பொருள் தன் சொந்த அதிர்வெண்ணோடு பொருந்துகிற ஓசை வரும்போது மட்டும் தானும் அதிர்கிறது. பொருந்தாவிட்டால் சும்மா இருக்கிறது. அங்கே ஒருவித இசைவு தேவை. எதிர்முழக்கத்துக்கு எந்த இசைவும் தேவையில்லை, கடினமான பரப்பு இருந்தால் போதும். ஆகையால் ஒரு கவிதை தன் மனத்தில் 'ரிவெர்பரேட்' ஆனது என்று ஒருவர் எழுதும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர் சொல்ல நினைப்பது ஒத்ததிர்வை. அவர் எழுதியிருப்பதை உள்ளபடி எடுத்துக்கொண்டால், அந்தக் கவிதை உள்ளே போக வழியில்லாமல் சுவர்களில் மோதிக்கொண்டிருக்கிறது என்றாகும். ஒரு தலைவரின் பேச்சு நாடெங்கும் 'ரிவெர்பரேட்' ஆனது என்ற புகழ்ச்சியும் அப்படித்தான். கென்ட் சொன்னதை நினைத்தால் அது பேச்சுக்குச் சூட்டிய மாலையா, கேட்டவர்களின் வெறுமையைச் சொல்லும் குறிப்பா என்று ஐயம் எழுகிறது. மாறாக, ஒரு பெரிய வங்கி முறிந்த அதிர்ச்சி நிதிச் சந்தைகளில் 'ரிவெர்பரேட்' ஆகிறது என்று எழுதினால் அது மிகச் சரி. ஒரு நிறுவனத்தில் பட்ட அடி இன்னொன்றில் மோதி, அங்கிருந்து முதலாவதன் மேலேயே திரும்பி விழுகிறது. ஒவ்வொரு மோதலிலும் யாரோ ஒரு பங்கை விழுங்கிக்கொள்கிறார்கள். யாருடைய சம்மதமும் கேட்கப்படுவதில்லை. சாட்டை, உலை, அரங்கம் மூன்றும் அந்தப் பயன்பாட்டில் இருக்கின்றன.

கென்ட் வாயிலிருந்து வந்த 'ரிவெர்ப்' என்ற குறுக்கம் நாடகத்துக்கு வெளியே பெரிதாக வழங்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதே குறுக்கம், இம்முறை 'ரிவெர்பரேஷன்' என்பதைச் சுருக்கியதால், மறுபடி உருவாகி உலகெங்கும் பரவிவிட்டது. குரலுக்கு ரிவெர்ப் கூட்டு, குறை என்று சொல்லாத ஒலிப்பதிவாளர் இன்று இல்லை. 1957இல் ஜெர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் கொண்டுவந்த 'பிளேட் ரிவெர்ப்' கருவியில் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் உயரமும் அரை மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட எஃகுத் தகடு ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். பாடகரின் குரல் மின்சைகையாக வந்து தகட்டை அதிரவைக்கும். அதிர்வு விளிம்புகளில் பட்டுத் திரும்புவதை வேறிடத்தில் பொருத்திய உணரிகள் வாங்கிக்கொள்ளும். அறை போய்விட்டது, அடித்துத் திருப்பும் விளிம்பு இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் கணினியில் இதையே செய்து காட்டியபோது விளிம்பும் போய்விட்டது. அவருடைய முறையின் அடிப்படையில் இருப்பது, ஒலியைச் சற்றே தாமதப்படுத்தி, ஒன்றைவிடச் சிறிய ஓர் எண்ணால் பெருக்கி, மறுபடி தொடக்கத்துக்கே அனுப்பும் ஒரு சுற்று. அந்த எண் 0.7 என்றால் ஏறத்தாழ 20 சுற்றுகளில் ஒலியின் வீச்சு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதுவே சபின் வழியில் அளக்கும் 60 டெசிபெல். 0.9 என்று ஏற்றினால் அதற்கு 66 சுற்றுகள் வேண்டும். செங்கல் கூரையும் மலையும் எஃகு விளிம்பும் செய்துவந்த வேலையை இப்போது அந்த எண் செய்கிறது: வருவதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது.